செல்லோவுக்கு எழுதிய பாக் இசையைக் கிட்டாரில் வாசிப்பது எப்படி

கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிறவர்களில் பலருக்கு என்றாவது ஒரு நாள் பரோக் கால இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ சூட்டுகள் (தனிச் செல்லோவுக்கு எழுதிய ஆறு நடனத் தொகுப்புகள்) மேல் ஆசை வந்துவிடும். அநேகமாக முதல் சூட்டின் தொடக்கத் துண்டான பிரலூடில்தான் தொடங்குவார்கள், நானும் அங்கேதான் தொடங்கினேன். நோட்டுகள் கைக்கு வருவது அத்தனை கஷ்டமில்லை, ஒரு சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் வாசித்துப் பதிவு செய்து கேட்டால் விரல் பயிற்சி மாதிரி ஒலிக்கும். இதை எப்படிச் சரி செய்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஓரளவு நோட்டேஷன் படிக்கத் தெரியும், நடுத்தரமான துண்டுகளை வாசித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். செல்லோவில் பெரும்பாலான நேரம் ஒரே ஒரு கோடாக ஓடும் இந்த இசைக்குள் இரண்டு மூன்று குரல்கள் ஒளிந்திருக்கின்றன. கீழே ஒரு நோட்டைத் தொட்டுவிட்டு வில் மேலே போய்விடும், அந்தக் கீழ் நோட்டு நின்றுபோனாலும் கேட்கிறவர் காது அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த கீழ் நோட்டு வரும்போது முந்தையதோடு சேர்த்துக்கொள்ளும். கிட்டாரில் அந்தக் கீழ் நோட்டு நிஜமாகவே ஒலித்துக்கொண்டிருக்க முடியும். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரமே இதுதான். ஆனால் எது ஒலிக்க வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால் தந்திகளே முடிவு செய்துவிடும், அப்போது எல்லாம் குழம்பிப் போகும்.

சரி, முதல் வேலை ஸ்கேல் தேர்வு. செல்லோவின் நான்கு தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. கிட்டாரின் கீழ்த் தந்தி ஈ. செல்லோவின் கீழ் சி அதற்கும் கீழே இருக்கிறது, ஆறாம் தந்தியை டி-க்கு இறக்கினாலும் எட்டாது. முதல் சூட்டை மூல ஸ்கேலான ஜி மேஜரிலேயே கிட்டாரில் வாசித்துப் பார்த்தால் முதல் பார் அழகாகவே விழும், ஆனால் போகப் போகக் கீழே இடம் போதாது, ஒலியும் கனத்துப் போகும், பேஸ் (அடியில் ஒலிக்கும் கீழ் நோட்டு) சேர்க்க நினைத்தாலும் அதற்குக் கீழே ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் ஐந்து ஸ்வரம் (தொடங்கும் ஸ்வரத்தையும் சேர்த்து எண்ணி) மேலே தூக்கி டி மேஜரில் வைப்பதுதான் வழக்கம், ஆறாம் தந்தியை டி-க்கு இறக்கிக்கொண்டு. நான் மற்ற சில ஸ்கேல்களிலும் முயன்று பார்த்துவிட்டுத் திரும்ப டி-க்கே வந்தேன். காரணம் எளிது: செல்லோவின் திறந்த ஜி, கிட்டாரின் திறந்த நான்காம் தந்தியான டி ஆகிறது, செல்லோவின் திறந்த ஏ, கிட்டாரின் திறந்த முதல் தந்தியான ஈ ஆகிறது. பாக் இந்த இசையைத் திறந்த தந்திகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார், அவை நம் கையிலும் திறந்தே கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்றாம் சூட் சி மேஜரில் இருக்கிறது, அதை ஆறு ஸ்வரம் மேலே தூக்கி ஏ மேஜரில் வையுங்கள். செல்லோவின் அடித்தந்தி சி நம் திறந்த ஐந்தாம் தந்தியில் வந்து உட்காரும், பிரலூடின் நடுவே நீண்ட நேரம் பிடித்து நிற்கும் ஜி பெடல் ஈ ஆகிவிடும், அதைத் திறந்த ஆறாம் தந்திக்கும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டாம் சூட் டி மைனரிலிருந்து ஏ மைனருக்கு நன்றாகப் போகும். ஐந்தாம் சூட்டையும் கிட்டாரில் ஏ மைனரில்தான் பலர் வாசிக்கிறார்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான்காவதும் ஆறாவதும் கடினம், அதிலும் ஆறாவது ஐந்து தந்தி உள்ள வாத்தியத்துக்கு எழுதியது. இவை இரண்டையும் கடைசிக்கு வையுங்கள்.

ஆயத்தமான கிட்டார் பதிப்பு நிறையக் கிடைக்கிறது. அவற்றைப் பார்க்கலாம், ஆனால் பக்கத்திலேயே செல்லோ மூலத்தைத் திறந்து வைத்திருங்கள் என்பேன். எந்தப் பேஸ் பாக்குடையது, எது பதிப்பாசிரியருடையது என்று தெரிய அதைத் தவிர வேறு வழியில்லை. பேஸ் கிளெஃப் படிக்கத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம், இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஏ மேஜருக்கு மாற்றும் மூன்றாம் சூட்டில், பேஸ் கிளெஃப் இருக்கும் இடத்தில் ட்ரெபிள் கிளெஃப் இருப்பதாக நினைத்து, மூன்று ஷார்ப் போட்டு அப்படியே படியுங்கள். கிட்டார் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் வாத்தியம் என்பதால் கணக்கு மிகச் சரியாக ஆறு ஸ்வரம் மேலே வந்துவிடும். டி மேஜருக்கு மாற்றும் முதல் சூட்டில் ஒவ்வொரு நோட்டையும் ஸ்டாஃபில் ஒரு படி கீழே இறக்கி, இரண்டு ஷார்ப்போடு படியுங்கள்: பேஸ் கிளெஃபின் அடிக்கோட்டில் இருக்கும் ஜி, அந்தக் கோட்டுக்குக் கீழே ஒட்டிய இடத்துக்கு வரும், ட்ரெபிள் கிளெஃபில் அது டி. இடையில் வரும் ஷார்ப், ஃப்ளாட்டுகளில் மட்டும் கவனம் தேவை. முதல் சூட்டில் சி ஷார்ப் வந்தால் நமக்கு ஜி ஷார்ப், எஃப் நேச்சுரல் வந்தால் சி நேச்சுரல். மூன்றாம் சூட்டில் பி ஃப்ளாட் வந்தால் ஜி நேச்சுரல். ஐந்தாம் சூட்டில் மட்டும் இந்த வழி ஏமாற்றிவிடும், ஏனென்றால் அங்கே செல்லோவின் மேல் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கச் சொல்லியிருக்கிறது, அந்தத் தந்தியில் வாசிக்கும் நோட்டுகள் எழுதியிருப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழேதான் ஒலிக்கும்.

இனி பிரலூடைக் கையில் எடுப்போம், டி மேஜரில். முதல் பார்: திறந்த நான்காம் தந்தி டி, மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட் ஏ, முதல் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட் எஃப் ஷார்ப், அப்புறம் திறந்த ஈ, மறுபடி எஃப் ஷார்ப், ஏ, எஃப் ஷார்ப், ஏ. இதே அரை பார் திரும்ப ஒரு முறை. இரண்டாம் பாரில் நடு நோட்டு ஏ-யிலிருந்து திறந்த பி-க்கு ஏறும், மேல் நோட்டு மூன்றாம் ஃப்ரெட் ஜி-க்குப் போகும். மூன்றாம் பாரில் நடு நோட்டு சி ஷார்ப், இரண்டாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட். நான்காம் பாரில் அது டி-க்கு வந்து சேரும், மேலே எஃப் ஷார்ப் திரும்பிவிடும். இதை வாசிக்காமல் நடு நோட்டுகளை மட்டும் பாருக்கு ஒன்றாக மெதுவாக மீட்டிப் பாருங்கள்: ஏ, பி, சி ஷார்ப், டி. ஒரு குரல் படிப்படியாக ஏறி வீட்டுக்கு வந்து சேர்கிறது. மேலே எஃப் ஷார்ப், ஜி, ஜி, எஃப் ஷார்ப் என்று இன்னொரு குரல் லேசாக எழுந்து அடங்குகிறது. அடியில் டி அசையாமல் நிற்கிறது. மூன்று பேர் பாடுகிறார்கள். இந்த மூன்றையும் தனித்தனியாக வாயால் பாடிப் பார்த்துவிட்டு எல்லா நோட்டுகளையும் சேர்த்து வாசியுங்கள், கை தானாகவே வேறு மாதிரி மீட்டும். நான் ஒவ்வொரு புதுத் துண்டையும் இப்படிப் பிரித்துப் பாடாமல் தொடுவதே இல்லை.

முதல் பாரில் இரண்டாம் தடவை வரும் ஈ-யைத் திறந்த முதல் தந்தியில் எடுக்காமல் இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் எடுக்கலாம். அப்படிச் செய்தால் ஈ-யும் எஃப் ஷார்ப்பும் வேறு வேறு தந்தியில் ஒன்றின் மேல் ஒன்று ஒலித்து மணி அடித்தது போல் கேட்கும், இதைக் கம்பனெல்லா என்பார்கள். கேட்க மிக அழகு. ஆனால் முதல் பாரிலேயே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இடத்தில் எளிமைதான் பொருந்தும். கம்பனெல்லாவைக் கடைசிப் பகுதிக்குச் சேமித்து வையுங்கள். அங்கே செல்லோ தன் திறந்த ஏ-யைத் திரும்பத் திரும்பத் தொட, மற்ற நோட்டுகள் அதைச் சுற்றி அசையும். நமக்கு அது திறந்த முதல் தந்தி ஈ, அசையும் நோட்டுகளை முடிந்தவரை இரண்டாம் தந்தியில் வையுங்கள். செல்லோ வாசிப்பவரின் வில் இரண்டு தந்திகளுக்கு நடுவே ஆடும் அந்த அசைவே நம் விரல்களிலும் வந்துவிடும்.

இப்போது பேஸ். பெரும்பாலான கிட்டார் வாசிப்புகள் சறுக்குவது இங்கேதான். ஆறு தந்தி இருக்கிறதே, ஏன் சும்மா விட வேண்டும் என்று ஒவ்வொரு பீட்டுக்கும் கீழே ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போவோம். நான் முதல் வருடம் எழுதிவைத்த என் பிரதியில் ஒரு பாருக்கு நான்கு பேஸ் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது ஆலமரத்தைத் தூண் வைத்துத் தாங்குவது போலத் தோன்றியது, அத்தனையையும் அழித்துவிட்டு வெறும் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இதில் நமக்கு வழிகாட்ட பாக்கே இருக்கிறார். ஐந்தாம் செல்லோ சூட்டை அவரே லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்காக மாற்றி எழுதியிருக்கிறார், பாக் படைப்புகளின் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 995, ஜி மைனரில், அவர் கையெழுத்துப் பிரதியே பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. செல்லோ மூலம் பி.டபிள்யூ.வி. 1011. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள், எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் அதிகம் கற்றுத் தரும். பிரலூடின் வேகமான ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும்) பகுதியில் செல்லோவில் ஒற்றைக் கோடாக ஓடுவதற்குக் கீழே பேஸ் ஒரு தனிக் குரலாக வந்து நிற்கிறது. சரபாண்ட் என்ற மெதுவான நடனம் செல்லோவில் ஒரே ஒரு கார்டுகூட இல்லாத தனிக் கோடு, அதை லூட்டுக்கு மாற்றும்போதும் அவர் பேஸைச் சிக்கனமாகத்தான் வைக்கிறார், அந்த வெறுமையைக் கலைக்கவில்லை. துண்டின் குணம் என்ன கேட்கிறதோ அந்த அளவு மட்டும். நாமும் அதையே செய்யலாம்.

நான் பின்பற்றும் வழி இதுதான்: கார்டு மாறும் இடத்தில், அதிலும் பேஸ் அசைகிறது என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் மட்டும் ஒன்றைச் சேர்ப்பேன். வாக்கியம் முடியும் இடங்களில் தாராளமாக. மூலத்திலேயே கீழ் நோட்டு இருந்தால் புதிதாக எதுவும் சேர்க்காமல் அதையே ஒரு ஆக்டேவ் இறக்க முடியுமா என்று பார்ப்பேன். பிரலூடின் முதல் பாரில் முதல் டி-யை மட்டும் திறந்த ஆறாம் தந்திக்கு இறக்கினால் போதும், அது பல பார்களுக்கு அடியில் லேசாக முனகிக்கொண்டிருக்கும்.

ஆனால் அது எங்கே நிற்க வேண்டும்? முதல் ஐந்து பாரின் தொடக்கங்களிலும் அடியில் டி-தான், சிக்கல் இல்லை. ஐந்தாம் பாரின் கடைசியில் கீழ்க்குரல் எஃப் ஷார்ப்புக்கு வந்து, ஆறாம் பாரின் முதல் நோட்டாக ஜி ஷார்ப்பில் ஏறும். அந்த நேரத்தில் ஆறாம் தந்தி டி இன்னும் ஒலித்தால் இரண்டும் உரசும், வாசிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், கேட்பவருக்கு ஏதோ சரியில்லை என்று படும். ஆகவே ஜி ஷார்ப்பை மூன்றாம் தந்தி முதல் ஃப்ரெட்டில் வைத்து ஆள்காட்டி விரலால் மீட்டுங்கள், அதே கணத்தில் கட்டைவிரல் ஆறாம் தந்தி மேல் சத்தமில்லாமல் இறங்கட்டும். ஒரே அசைவு. இந்த இரண்டு நோட்டை மட்டும் மெதுவாக இருபது தடவை செய்து பாருங்கள். செல்லோ வாசிப்பவருக்கு இந்தக் கவலையே கிடையாது, வில் விலகினால் பெரும்பாலும் நோட்டும் அடங்கிவிடும். நமக்கோ ஒவ்வொரு திறந்த பேஸும் ஒரு கடன், எங்கே அடைப்பது என்று எழுதிவைத்தே ஆக வேண்டும். நான் என் பிரதியில் பேஸ் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன், சில பக்கங்களில் நோட்டுகளைவிடக் குறிகள்தான் கண்ணில் படும்.

ஸ்லர் விஷயத்துக்கு வருவோம். செல்லோ பிரதியில் நோட்டுகளுக்கு மேல் வளைகோடு இருந்தால் ஒரே வில் இழுப்பில் அத்தனையும் வாசி என்று பொருள். கிட்டாரில் வளைகோடு என்றால் முதல் நோட்டை மட்டும் மீட்டி, மற்றவற்றை இடது கையால் தட்டியோ இழுத்தோ எடுப்பது. இரண்டும் ஒரே குறி, வேறு வேறு விஷயம். செல்லோ ஸ்லர்களை அப்படியே கிட்டார் ஸ்லராக மாற்றினால் மூன்று நான்கு தந்திகள் தாண்டும் நோட்டுகளில் அது நடக்கவே நடக்காது. இன்னொன்றும் உண்டு. பாக்கின் கையெழுத்தில் இந்தச் சூட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை, அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த பிரதியும், யோஹான் பீட்டர் கெல்னர் 1726-இல் எடுத்த பிரதியும், இன்னும் சிலவும்தான் இருக்கின்றன. அவற்றில் வளைகோடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, ஒரே பிரதிக்குள்ளேயே ஒரு கோடு எந்த நோட்டில் தொடங்கி எதில் முடிகிறது என்று சொல்ல முடியாத இடங்கள் பல. எனவே இதுதான் சரி என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகோட்டை ஒரு சொல்லின் அசைகளைச் சேர்த்துச் சொல்வது போல நினையுங்கள்: முதல் நோட்டுக்குச் சற்று எடை, மற்றவை அதிலிருந்து வழிந்து வர வேண்டும். இதை வலது கையாலேயே, முதல் நோட்டை அழுத்தியும் அடுத்தவற்றை இலேசாகவும் மீட்டி, செய்ய முடியும். பக்கத்துப் பக்கத்து நோட்டுகள் ஒரே தந்தியில் வரும் இடத்தில் மட்டும் இடது கை ஸ்லர் போடுங்கள். முதல் பாரின் எஃப் ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப் அதற்குத் தோதான இடம், ஆனால் எல்லாப் பாரிலும் அங்கேயே போட்டால் தையல் மெஷின் மாதிரி ஆகிவிடும், மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அடுத்து மெதுவான துண்டுகள், முக்கியமாகச் சரபாண்ட். கிட்டார் நோட்டு மீட்டியதுமே தேயத் தொடங்கும், வில்லைப் போல நடுவில் பெருக்க வழியே இல்லை. இதற்கு எல்லோரும் முதலில் செய்வது வேகத்தைக் கூட்டுவது. கொஞ்சம் கூட்டலாம், தப்பில்லை, ஆனால் அதற்கு முன் வேறு சில விஷயங்களை முயன்று பாருங்கள். நீண்ட நோட்டுகளைக் கழுத்தின் மேல் பக்கம், குறைந்த ஃப்ரெட்டுகளில் எடுங்கள், உயர்ந்த ஃப்ரெட்டுகளில் ஒலி சீக்கிரம் செத்துவிடும். நீண்ட மேல் நோட்டுக்குக் கீழே அதே கார்டின் ஒரு பேஸை மிக மெதுவாக, மேல் நோட்டு தேயும் நேரத்தில் தொட்டால், மேல் நோட்டு இன்னும் உயிரோடு இருப்பதாகக் காது நம்பும். திரும்ப வாசிக்கும்போது நீண்ட நோட்டை ஒரு ட்ரில்லாலோ (இரண்டு பக்கத்து நோட்டுகளை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) இரண்டு மூன்று கடந்துபோகும் நோட்டுகளாலோ நிரப்பலாம், பரோக் காலத்தில் திரும்ப வாசிக்கும்போது அலங்காரம் சேர்ப்பது வழக்கம்தான். ட்ரில்லை மேல் நோட்டிலிருந்து தொடங்குங்கள், இரண்டு நோட்டையும் இரண்டு தந்திகளில் வைத்து வலது கை விரல்களாலேயே மாற்றி மாற்றி மீட்டினால் பளிச்சென்று இருக்கும்.

செல்லோவில் நான்கு நோட்டுக் கார்டை ஒரேயடியாக வாசிக்க முடியாது. வில் கீழிரண்டைத் தொட்டுவிட்டு மேலிரண்டுக்குப் போகும், அதற்கு நேரம் எடுக்கும், அந்த நேரமே இசையின் பகுதியாகிவிட்டது. நாம் நான்கையும் ஒன்றாகக் கிள்ளினால் சுத்தமாக இருக்கும், ஆனால் சரபாண்டில் அது மொட்டையாகக் கேட்கும். மூன்று பீட்டுள்ள அந்த நடனத்தில் எடை பல இடங்களில் இரண்டாம் பீட்டில் விழும். அங்கே வரும் கார்டைக் கட்டைவிரலிலிருந்து மேலே நிதானமாக உருட்டுங்கள், முதல் பீட்டுக் கார்டை அதைவிட இறுக்கமாக. பூரே, ஜீக் போன்ற துள்ளல் துண்டுகளில் நேர்மாறாக, உருட்டாமல் நேராகக் கிள்ளுங்கள்.

எந்த வரிசையில் கற்பது என்றால், முதல் சூட்டின் பிரலூட், மினுவெட்டுகள், அப்புறம் மூன்றாம் சூட்டின் பூரேக்கள். அதன் பிறகு முதல் சூட்டின் மற்ற நடனங்கள். பாக்கை விட்டு வெளியேயும் கொஞ்சம் பாருங்கள்: டொமினிகோ கப்ரியேலி 1689-இல் தனிச் செல்லோவுக்கு எழுதிய ரிச்சர்கார் என்ற துண்டுகள் ஏழு இருக்கின்றன, அவற்றில் நீங்களே ஸ்கேல் தேடி, பேஸ் வைத்து, விரல் எழுதிப் பழகலாம். பலர் நடந்து தேய்ந்த பாதை இல்லை என்பதே அதில் இனிமை. விவால்டியின் செல்லோ சொனாட்டாக்கள் கன்டின்யுவோ என்ற துணைப் பேஸ் பகுதியோடு வருபவை, தனியாகச் சமாளிப்பதைவிட இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிப்பது நல்லது.

கை தயாரானதும் இரண்டாம் சூட்டின் பிரலூடை எடுங்கள், ஏ மைனரில். அதன் கடைசி ஐந்து பாரில் ஓட்டம் திடீரென்று நின்று, பாருக்கு ஒரு கார்டு என்று மட்டும் எழுதியிருக்கும். சில செல்லோ கலைஞர்கள் எழுதியபடியே கார்டுகளாக வாசிக்கிறார்கள், சிலர் அந்தக் கார்டுகளைப் பிரித்து ஓட்டமாக நிரப்புகிறார்கள். கிட்டாரில் ஒரு கார்டு மூன்று பீட்டுக்குள் தேய்ந்துவிடும் என்பதால் நான் பிரித்துத்தான் வாசிக்கிறேன், அந்த வடிவத்தைப் புதிதாக யோசிக்காமல் அதே பிரலூடின் முன்பகுதியில் வரும் ஓட்டங்களிலிருந்தே எடுத்துக்கொண்டேன். கடைசிக் கார்டை மட்டும் எழுதியபடி ஒரே ஒரு முறை உருட்டி, தந்திகள் தாமாக அடங்கும் வரை கையை எடுக்காமல் விட்டுவிடுகிறேன்.